வரிப் பனியன் போட்ட சிலை! - செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மாலுமி மாணவர்களின் உடை சொல்லும் கதை

ஜூன் மாதக் கடைசி. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அது 'வெள்ளை இரவு'களின் காலம். ராத்திரி பதினோரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். அந்த வெளிச்சத்தில், நேவா நதிக்கரையில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வெண்கலச் சிலை மீது இளைஞர்கள் ஏறுவார்கள். கையில் ராட்சத சைஸில் தைத்த ஒரு பனியன் இருக்கும். நீலமும் வெள்ளையுமாகக் குறுக்கே கோடு போட்ட பனியன்.

சில நிமிடங்களில், நூற்றைம்பது வயது தாண்டிய அந்தச் சிலை வரிப் பனியனோடு நிற்கும்!

சிலையாக நிற்பவர் கடற்படை அதிகாரி க்ரூசென்ஷ்டெர்ன். 1803 முதல் 1806 வரை, ரஷ்யக் கப்பல்களின் முதல் உலகச் சுற்றுப் பயணத்துக்குத் தலைமை தாங்கியவர். அதற்கு முன்பு, பிரிட்டிஷ் கப்பல்களில் பயிற்சி பெற்ற காலத்தில், இந்தியாவுக்கும் வந்து போயிருக்கிறார். சிலை பார்த்துக்கொண்டிருப்பது எதிரே உள்ள கடற்படைப் பள்ளியை. 1827 முதல் 1842 வரை அதன் தலைவராக இருந்தவரும் அவர்தான். படிப்பு முடிந்து அதிகாரியாகப் போகிற மாணவர்கள், கிளம்புவதற்கு முன்னால் தங்கள் பழைய தலைவருக்குப் பனியன் போட்டுவிட்டுப் போகிறார்கள்.

மாலையோ சால்வையோ போடாமல் எதற்குப் பனியன்? இதற்கு விடை தெரிய வேண்டுமானால், இந்த நகரத்தில் ஒரு நாள் நடக்க வேண்டும். லெனின்கிராட் என்ற பெயரில் இருந்த சோவியத் காலத்தில், மாலுமி ஆவதற்காகப் படித்த பையன்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணில் பட்ட ஊர் இது. அவர்கள் எந்தப் பள்ளி, எந்த வருஷம் என்பதை வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை. உடையே சொல்லிவிடும்.

முதல் நிறுத்தம்: அப்பாவை இழந்த பிள்ளைகள்

மெட்ரோவில் 'கோர்கோவ்ஸ்கயா' ஸ்டேஷனில் இறங்கி ஆற்றங்கரைப் பக்கம் நடந்தால், 'அரோரா' கப்பல் தெரியும். 1917 புரட்சியின்போது பீரங்கிச் சத்தம் எழுப்பிய அதே கப்பல்தான். இப்போது மியூசியம். கப்பலோடு செல்ஃபி எடுப்பவர்களில் பலர், அதற்குப் பக்கத்தில் உள்ள அழகான பழைய கட்டடத்தைக் கவனிப்பதில்லை. அதுதான் நக்கீமோவ் பள்ளி.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடை ஏறக்குறைய 900 நாள்கள் முற்றுகையிட்டன. பசியில் மட்டும் பல லட்சம் பேர் இறந்தார்கள். முற்றுகை முழுமையாக விலகியது 1944 ஜனவரியில். அதே வருஷம் ஜூன் மாதம் இந்தப் பள்ளியைத் தொடங்க உத்தரவு வந்தது. போரில் இறந்த மாலுமிகள், சிப்பாய்கள், கெரில்லா வீரர்களின் மகன்களுக்கான பள்ளி இது. பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்கள். பலருக்கு வீடே இல்லை.

அப்படி வந்த ஒரு பையனுக்கு முதல் நாள் என்ன கிடைத்தது? குளியல், மொட்டை, சாப்பாடு. அப்புறம் ஒரு முழு செட் மாலுமி உடை. கறுப்பு பேன்ட், வரிப் பனியன், நீலக் காலர், ரிப்பன் தொங்கும் தொப்பி. தோள் பட்டையில் 'ந' என்ற ஒலிக்கான ரஷ்ய எழுத்து. நக்கீமோவின் முதல் எழுத்து அது. பெரியவர்களின் சீருடையைச் சின்ன அளவில் தைத்த மாதிரி இருக்கும். போர் முடியாத ஊரில் ஒரு பிள்ளைக்கு நல்ல கம்பளித் துணியும் கால் நனையாத பூட்ஸும் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை. அந்த உடை, 'உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது' என்று சொன்னது.

1948 முதல் 1956 வரை, அரோரா கப்பலும் இந்தப் பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சி இடமாக இருந்தது. இவர்களுக்கு ஊர் வைத்த செல்லப் பெயர் 'பித்தோன்', அதாவது மலைப்பாம்பு! வளர்ப்புப் பிள்ளை என்று பொருள்படும் ரஷ்யச் சொல் சுருங்கித் திரிந்து, கடைசியில் பாம்பாகிவிட்டது.

கோடுகளுக்குள் இருக்கும் கதை

அந்த உடையை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்துவிடலாம்.

*தெல்ன்யாஷ்கா:* வரிப் பனியனின் பெயர் இதுதான். ரஷ்யக் கடற்படையில் 1874-ல் அதிகாரபூர்வமாக வந்தது. பாதி கம்பளி, பாதி பருத்தி. எடை சுமார் 340 கிராம். முதலில் வெள்ளைப் பட்டை அகலமாகவும், நீலக் கோடு மெலிதாகவும் இருந்தன. 1912-ல் இரண்டும் ஒரே அகலமாகிவிட்டன. கப்பலிலிருந்து ஒருவர் கடலில் விழுந்தால், ஒரே நிறத் துணியைவிட வரித்துணி சட்டெனக் கண்ணில் படும் என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். போர்க்காலத்தில் தரையில் இறங்கிச் சண்டையிட்ட மாலுமிகள், மேல்சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு இந்த வரிகள் தெரியும்படி போனார்களாம். அதிலிருந்து அது வெறும் பனியன் இல்லை, தைரியத்தின் அடையாளம்.

*நீலக் காலர்:* முதுகில் சதுரமாகத் தொங்கும், ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள் கொண்ட துணி. கார்ட்டூனில் டொனால்டு டக் போட்டிருப்பதும் இதன் தூரத்துச் சொந்தம்தான். மூன்று கோடுகள் எதற்கு என்று எந்த ரஷ்ய மாலுமியைக் கேட்டாலும், 'கங்குட், செஸ்மா, சினோப் என்ற மூன்று கடற்போர் வெற்றிகளுக்காக' என்பார். பிரிட்டிஷ் மாலுமியின் காலரிலும் இதே மூன்று கோடுகள் உண்டு. அங்கே கேட்டால், 'அட்மிரல் நெல்சனின் மூன்று வெற்றிகளுக்காக' என்பார்கள்! இரண்டுமே பின்னால் முளைத்த கதைகள் என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்களின் முடிவு. கோடு முதலில் வந்தது. பெருமை பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

*பெஸ்கஸீர்கா:* முன்பக்கம் நெற்றிமறைப்பு இல்லாத வட்டத் தொப்பி. அதைச் சுற்றியுள்ள கறுப்பு ரிப்பனில் தங்க எழுத்து. ரிப்பனின் இரண்டு வால்கள் பின்னால் தொங்கும். அவற்றின் நுனியில் நங்கூரம். காற்றில் தொப்பி பறக்காமல் இருக்க வால்களைப் பல்லால் கடித்துக்கொள்வது மாலுமிகள் வழக்கம்.

*பெல்ட்:* பித்தளை பக்கிளில் நங்கூரமும் நட்சத்திரமும். நம்மூரில் பித்தளைக்கு பிராஸோ மாதிரி, அங்கே 'அசிடோல்' என்ற பாலிஷ். தினமும் தேய்க்க வேண்டும். மங்கின பக்கிளோடு வரிசையில் நின்றால் அந்த வார லீவு போச்சு!

இன்றைக்கு எதைப் போடுவது என்பதையும் மாணவர் முடிவு செய்ய முடியாது. காலையில் ஒரு நம்பர் அறிவிப்பார்கள். ஒன்று என்றால் முழு வெள்ளை. இரண்டு என்றால் வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட். மூன்று என்றால் கருநீலச் சட்டை. நான்கு என்றால் அதன்மேல் 'புஷ்லாட்' எனும் குட்டைக் கம்பளிக் கோட்டு. ஐந்து என்றால் நீளக் கோட்டு. ஆறு என்றால் நீளக் கோட்டோடு காது மூடும் ரோமத் தொப்பி. நம்பரைக் கேட்டாலே அன்றைய குளிர் தெரிந்துவிடும். எட்டாம் நம்பர் என்று ஒரு ஜோக்கும் உண்டு: கையில் என்ன இருக்கிறதோ, அதுதான் யூனிஃபார்ம்!

இரண்டாம் நிறுத்தம்: கையில் ஏறும் கோடுகள்

மறுபடி மெட்ரோ. நடுவில் ஒரு முறை ரயில் மாறி, 'வசிலியோஸ்த்ரோவ்ஸ்கயா' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். இது வசிலியெவ்ஸ்கி தீவு. இங்கே குறுக்குத் தெருக்களுக்குப் பெயர் இல்லை. 'லைன்' என்று நம்பர்தான். அதிலும் வேடிக்கை, தெருவின் இடது பக்கம் ஒரு நம்பர், வலது பக்கம் இன்னொரு நம்பர்.

ஏழாம் லைன் வழியாக ஆற்றங்கரைக்கு நடந்து, 11-ம் லைன் பக்கம் திரும்பினால், தூண்கள் கொண்ட நீளமான கட்டடம். அதன் எதிரே க்ரூசென்ஷ்டெர்ன் சிலை. 1701-ல் மாஸ்கோவில் பேரரசர் பீட்டர் தொடங்கிய கடற்பயணப் பள்ளியைத் தன் ஆரம்பமாகச் சொல்லிக்கொள்ளும் கடற்படைப் பள்ளி இது. சோவியத் காலத்தில், 1926 முதல், ஃப்ரூன்ஸே பள்ளி என்று பெயர். இந்தியாவுக்கு வந்து தாஜ்மகாலை வரைந்த ஓவியர் வெரெஷ்சாகின் சிறுவனாக இருந்தபோது படித்ததும் இந்தக் கடற்படைப் பள்ளியில்தான்.

இங்கே மாணவரின் இடது கையைப் பார்க்க வேண்டும். சட்டைக் கையில் தங்க நிறக் கோடுகள். முதல் வருஷத்துக்கு ஒன்று, இரண்டாம் வருஷத்துக்கு இரண்டு என, ஐந்தாம் வருஷத்தில் ஐந்து. செப்டம்பரில் புதுக் கோடு தைக்கும் நாள் மாணவர்களுக்குத் தீபாவளி மாதிரி. ஒற்றைக் கோட்டுப் பையன் தரையைத் துடைப்பான். ஐந்து கோட்டு அண்ணனுக்கு வழி விடுவான்.

தோளில் உள்ள பட்டைக்கோ தனி வரலாறு. 1917 புரட்சியில், ஜார் மன்னர் காலத்து ஆணவத்தின் அடையாளம் என்று தோள் பட்டைகளை ஒழித்தார்கள். 'தங்கத் தோள்பட்டைக்காரன்' என்பது வசவு வார்த்தையாக இருந்தது. ஆனால், 1943-ன் தொடக்கத்தில், போரின் நடுவில், ஸ்டாலின் அரசே அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தது. அப்பா எந்தப் பட்டையைப் பிய்த்து எறிந்தாரோ, அதே மாதிரிப் பட்டையை மகன் பெருமையோடு தைத்துக்கொண்டான்.

ஊசி, நூல், கொஞ்சம் தில்லுமுல்லு

இவ்வளவு கட்டுப்பாடு இருந்தால் பையன்கள் சும்மா இருப்பார்களா?

புதுக் காலர் கருநீலமாக இருக்கும். கருநீலம் என்றால் நேற்று வந்தவன் என்று அர்த்தம். கடல் உப்பிலும் வெயிலிலும் வெளுத்த காலர்தான் அனுபவசாலியின் அடையாளம். கடலையே பார்க்காத பையன் என்ன செய்வான்? ப்ளீச்சிங் பவுடர் கரைசலில் காலரை முக்கி எடுப்பான். ஒரே ராத்திரியில் ஏழு கடல் சுற்றிய காலர் ரெடி. கரைசல் கொஞ்சம் அதிகமானால் துணி ஓட்டையாகி, திட்டும் கிடைக்கும்.

அடுத்தது பேன்ட். கால் பக்கம் விரிந்த பெல்பாட்டம் மாலுமிகளின் ஆசை. அரசு கொடுத்த பேன்ட்டிலோ அவ்வளவு விரிவு இல்லை. அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். 'டார்பிடோ' என்று பெயர் வைத்து ஒரு பலகையை வெட்டி, நனைத்த பேன்ட்டின் காலுக்குள் செருகி இழுத்து, அப்படியே காயவிடுவார்கள். சிலர் ஓரத்தைப் பிரித்து முக்கோணத் துண்டு வைத்துத் தைத்தார்கள். லீவு நாளில் தெருவில் ரோந்து வரும் அதிகாரி கண்ணில் பட்டால் அவ்வளவுதான். உடை விதியை மீறியதற்காகப் பாதி வழியிலேயே பள்ளிக்குத் திரும்ப வேண்டும்; காத்திருக்கும் காதலிக்குத் தகவல் சொல்லக்கூட வழி இருக்காது.

ஒரே மாதிரி உடை நூற்றுக்கணக்கில் இருந்தால் யாருடையது எது என்று எப்படித் தெரியும்? அதற்கும் அதே ப்ளீச்சிங் கரைசல்தான். தீக்குச்சியை அதில் தொட்டு, தொப்பியின் உள்பக்கமும் சட்டையின் உள்பக்கமும் பெயரையோ எண்ணையோ எழுதுவார்கள். கறுப்புத் துணியில் எழுத்து வெளிறித் தெரியும். துவைத்தாலும் போகாது. தொப்பியின் உள்ளே நூல் கோத்த இரண்டு ஊசிகளும் இருக்கும்: கறுப்பு நூலுக்கு ஒன்று, வெள்ளை நூலுக்கு ஒன்று. பொத்தான் அறுந்தால் அம்மாவைத் தேட முடியாது அல்லவா?

மூன்றாம் நிறுத்தம்: நண்டு பிடித்தவர்களுக்கு உலகம்!

ஆற்றை ஒட்டியே மேற்கே ஒரு இருபது நிமிடம் நடந்தால், 'க்ராசின்' என்ற பழைய பனி உடைக்கும் கப்பல் நிற்கிறது. 1928-ல் வட துருவப் பகுதியில் விழுந்த 'இத்தாலியா' ஆகாயக் கப்பலின் ஆட்களை மீட்ட கப்பல் இது. இதுவும் இப்போது மியூசியம். அதற்கு அருகிலேயே, உள்ளே தள்ளி, அட்மிரல் மகாரோவ் பெயரில் உள்ள கடல்சார் கல்வி நிறுவனம். இங்கே உருவாகிறவர்கள் போர்க்கப்பலுக்கு அல்ல, வணிகக் கப்பல்களுக்கும் துருவப் பயணங்களுக்கும் போகிறவர்கள்.

1944 மார்ச்சில், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, வணிகக் கப்பல்களுக்கான உயர் பள்ளிகளைத் தொடங்க சோவியத் அரசு முடிவெடுத்தது. லெனின்கிராட், ஒடேசா, விளாடிவொஸ்தோக் எனத் துறைமுக நகரங்களில் அவை அமைந்தன. விடுதியில்தான் தங்க வேண்டும். படிப்பு, சாப்பாடு, உடை எல்லாம் அரசு செலவு. தொலைதூர கிராமத்து விவசாயி மகனும் சேர முடிந்தது.

தூரத்தில் இருந்து பார்த்தால், ஃப்ரூன்ஸே மாணவருக்கும் மகாரோவ் மாணவருக்கும் வித்தியாசம் தெரியாது. அதே கறுப்பு, அதே வரிப் பனியன், கையில் அதே மாதிரி வருஷக் கோடுகள். கிட்டே போய்த் தொப்பியைப் பார்க்க வேண்டும். படை மாணவரின் தொப்பியில் சிவப்பு நட்சத்திரம். வணிகக் கப்பல்காரரின் தொப்பியில், இலை வளையத்துக்கு நடுவே நங்கூரம் உள்ள பேட்ஜ். இருபுறமும் கொடுக்கு விரித்த மாதிரி இருப்பதால் அதற்கு 'க்ராப்' என்று பெயர். ஆமாம், நண்டுதான்!

இந்த நண்டுக்குப் பின்னால் ஒரு பெரிய ஆசை இருந்தது. சோவியத் குடிமகன் நினைத்த நேரத்தில் வெளிநாடு போக முடியாது. எல்லை மூடிய நாடு அது. பள்ளி ஆசிரியருக்கோ டாக்டருக்கோ சிங்கப்பூரும் ஹாம்பர்க்கும் பம்பாயும் வரைபடத்தில் உள்ள பெயர்கள் மட்டுமே. வெளிநாட்டுத் துறைமுகத்தில் கால் வைக்க முடிந்த மிகச் சிலரில் வணிகக் கப்பல் மாலுமியும் ஒருவர். வெளிநாட்டுப் பணத்தில் வந்த சம்பளப் பகுதிக்குத் தனிக் கூப்பன்கள் உண்டு. அவற்றை வைத்து, துறைமுக நகரங்களின் 'அல்பத்ரோஸ்' கடைகளில் மற்றவர்களுக்குக் கிடைக்காத ஜீன்ஸும் டேப் ரெக்கார்டரும் வாங்கலாம். தெருவில் அந்த உடையோடு நடக்கும் பையனை ஊரே திரும்பிப் பார்த்ததற்குக் காரணம், தங்கக் கோடு மட்டும் இல்லை.

ஆனால், உடை கிடைத்த எல்லோருக்கும் உலகம் கிடைத்துவிடவில்லை. வெளிநாடு போகும் கப்பலில் ஏற, அரசின் தனி அனுமதி வேண்டும். மாலுமிகள் இதை 'விசா திறப்பது' என்றார்கள். குடும்பப் பின்னணி, உறவினர் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா, நடத்தை எப்படி என எல்லாவற்றையும் அலசுவார்கள். ஒரு கண்டிப்புக் கடிதம்கூடக் கதவை மூடிவிடலாம். மூடினால் மூடியதுதான். ஒரே வகுப்பில், ஒரே வரிசையில், ஒரே காலரை வெளுத்த இரண்டு நண்பர்களில் ஒருவர் உலகம் சுற்றுவார். இன்னொருவர் அதே உடையோடு, அதே துறைமுகத்தில், இழுவைப் படகில் போய்வருவார். ஏன் என்று அவருக்கு யாரும் எழுத்தில் பதில் கொடுக்க மாட்டார்கள்.

அனுமதி கிடைத்தவருக்கும் முழுச் சுதந்திரம் இல்லை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் தனியாக இறங்கக் கூடாது. பொறுப்பான ஒருவரோடு குழுவாகப் போய், குழுவாகத் திரும்ப வேண்டும். ஆனாலும், தீவின் ஏதோ ஒரு லைனில் உள்ள வீட்டில், கப்பல் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, சுவரில் தொங்கிய நண்டுத் தொப்பிப் போட்டோ ஒரு கௌரவம். எங்கள் பையன் கடலுக்கு அந்தப் பக்கம் பார்த்தவன்!

கடைசி நிறுத்தம்: சந்தையில் ஒரு தொப்பி

1991-ல் சோவியத் யூனியன் முடிந்தது. எல்லை திறந்தது. வெளிநாடு பார்க்க மாலுமி ஆக வேண்டிய அவசியம் போய்விட்டது. ஃப்ரூன்ஸே பள்ளி இன்னொரு பள்ளியோடு இணைந்து, பேரரசர் பீட்டரின் பெயருக்கு மாறியது. மகாரோவ் நிறுவனம் பல்கலைக்கழகம் ஆனது. நக்கீமோவ் பள்ளியில் இன்றும் பிள்ளைகள் ரிப்பன் தொப்பியோடு அணிவகுக்கிறார்கள். சின்னங்கள் சில மாறின. வரிப் பனியன் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய உடைகளைக் கண்ணாடிக்குப் பின்னால் பார்க்க வேண்டுமானால், க்ரூக்கொவ் படைவீட்டுக் கட்டடத்தில் உள்ள மத்திய கடற்படை மியூசியத்துக்குப் போகலாம். தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால், வார இறுதியில் மெட்ரோவில் 'உதெல்னயா' ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கே பெரிய பழைய பொருள் சந்தை கூடும். நம்மூர் பர்மா பஜாரையும் பழைய இரும்புக் கடையையும் ஒன்றாகக் கலந்த மாதிரி இருக்கும். சமோவார், பழைய கேமரா, பொம்மைகளுக்கு நடுவில் நங்கூர பக்கிள், நண்டு பேட்ஜ், கறுப்பு ரிப்பன். சுற்றுலாப் பயணிகள் தலையில் வைத்துப் பார்த்து, போட்டோ எடுத்து, பேரம் பேசி வாங்கிப் போவார்கள்.

அங்கே எப்போதாவது ஒரு மாலுமித் தொப்பியைக் கையில் எடுக்க நேர்ந்தால், பேட்ஜைப் பார்த்த பிறகு ஒரு முறை உள்ளே திருப்பிப் பாருங்கள். தீக்குச்சியால் எழுதிய வெளிறிய எழுத்துகள் இருக்கலாம். யாரோ ஒரு பையன், தன் தொப்பி அடுத்தவன் தொப்பியோடு கலந்துவிடக் கூடாது என்று முதல் வாரத்தில் எழுதிய பெயர் அது.

அவனுக்கு விசா திறந்ததா இல்லையா என்பது மட்டும் அதில் எழுதியிருக்காது.